சுருண்ட இலையும் வயலின் காவலும்: நெல் இலைச்சுருட்டுப்புழுவை உணவு வலைக்குள் வைத்து ஒரு பார்வை

சம்பா பட்டத்தில் மழை விட்டும் விடாமலும் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில், தழைத்து நிற்கும் நெல்லில் அங்கங்கே இலைகள் நீளவாக்கில் மடிந்து, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து தெரியும். இலைச்சுருட்டுப்புழு இறங்கிவிட்டது என்பார்கள். மறுநாளே தெளிப்பான் தோளேறிவிடும். தண்டுத்துளைப்பான் தண்டுக்குள் ஒளிந்திருக்கிறது, புகையான் தூரடியில் கிடக்கிறது. இந்தப் புழுவின் வேலை மட்டும் வரப்பில் நின்றாலே கண்ணில் படுகிறது. கண்ணில் படும் சேதமும் களத்துமேட்டில் குறையும் மகசூலும் ஒன்றுதானா என்பது ஆசிய நெல் ஆய்வில் பல பத்தாண்டுகளாக அலசப்பட்டுவரும் கேள்வி. இதுவரை சேர்ந்துள்ள சான்றுகள் ஒரு முடிவை நோக்கித்தான் போகின்றன. பயிரின் முதல் பாதியில் இந்தப் புழு தின்னும் இலை, பயிர் இழக்கக்கூடிய இலை. அந்த இலையைத் தின்று வளரும் புழுவோ, பின்னால் வரப்போகும் பெரிய பகைகளிடமிருந்து பயிரைக் காக்கும் உயிர்களுக்குத் தீனி. ஊர்க் காவலுக்கு அறுவடையில் படியளப்பதுபோல, வயல் தன் காவலுக்கு இலையில் படியளக்கிறது. படியை நிறுத்தினால் காவலும் நிற்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் பூச்சியைப் பற்றி. நஃபலோகுரோசிஸ் மெடினாலிஸ் என்பது இதன் அறிவியல் பெயர். 1854-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் அஷில் கெனே இதை விவரித்துப் பதிவு செய்தார். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா, சீனம், ஜப்பான், ஆஸ்திரேலியா வரை நெல் விளையும் நாடுகளில் இது உண்டு. தாய் அந்துப்பூச்சி வைக்கோல் நிறத்தில் இருக்கும். இறக்கையின் குறுக்கே கருமையான அலைக்கோடுகள், ஓரத்தில் கருத்த பட்டை. பகலில் இலைகளுக்கிடையே ஒடுங்கிக்கிடந்து, ஆள் நடந்தால் எழுந்து நாலடி பறந்து மறுபடி அமர்ந்துவிடும். இரவில் விளக்கை நாடி வரும். முட்டைகளை இலையில் ஒன்றும் இரண்டுமாகவோ சிறு வரிசையாகவோ இடும். நாலைந்து நாளில் பொரியும் புழு முதலில் குருத்திலையில் சுரண்டித் தின்று, அடுத்த பருவத்திலிருந்து ஆளுக்கொரு இலையை மடித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போகும். வெளிர்பச்சை உடல், பழுப்புத் தலை. தொட்டால் துள்ளிப் பின்வாங்கும். ஒரு புழு மூன்று நான்கு இலைகளைப் பாழாக்கி, மடிப்புக்குள்ளேயே கூட்டுப்புழுவாகும். முட்டை முதல் அந்து வரை ஏறத்தாழ ஒரு மாதம். இதே வேலையைச் செய்யும் மராஸ்மியா இனங்களும் சில வயல்களில் கலந்திருக்கும். விவசாயிக்கு எல்லாம் ஒரே இலைச்சுருட்டுதான்.

இலையை மடிக்கும் விதத்தைக் கிட்ட நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் உணவு வலையில் இதன் இடத்தை அந்த மடிப்புதான் தீர்மானிக்கிறது. 1981-இல் கோட்ஃபிரீட் ஃபிரேங்கலும் ஃபலீலும் இந்தப் புழுவின் தையல் வேலையை விரிவாக ஆராய்ந்து எழுதினார்கள். புழு இலையின் நடுவே இருந்துகொண்டு தலையை ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு மாறி மாறி ஆட்டிப் பட்டிழையைக் கட்டுகிறது. இழைகள் சேரச் சேர, சுருங்கச் சுருங்க, விளிம்புகள் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிக் குழாயாகின்றன. உள்ளே இருந்துகொண்டு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும், அடித்தோல் மிஞ்சும். வெளியிலிருந்து நாம் காணும் வெள்ளைக்கோடு அந்த அடித்தோல்தான். வெயிலுக்கும் மழைக்கும் பறவைக்கும் இந்தக் குழாய் நல்ல மறைவு. ஆனால் மறைவே காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. எச்சம் உள்ளேயே தங்குகிறது. கடிபட்ட இலையிலிருந்து கசியும் வாசனை ஒட்டுண்ணிக் குளவிகளுக்கு வழிகாட்டும் என்பது நெல் உட்படப் பல பயிர்களில் காட்டப்பட்டிருக்கிறது. புழு விட்டுப்போன மடிப்புகளும் வீணாவதில்லை. சிலந்திகளும் சிறு பூச்சிகளும் அதில் ஒண்டிக்கொள்கின்றன. அமெரிக்காவின் மிசௌரியில் வெள்ளை ஓக் மரங்களில் 2003-இல் ஜான் லில்லும் ராபர்ட் மார்க்விஸும் வெளியிட்ட ஆய்வு, புழுக்கள் கட்டும் இலைக்கூடுகள் இருந்தால் மரத்தில் வாழும் பூச்சி இனங்களின் எண்ணிக்கை கூடுவதைக் காட்டியது. இலையைச் சுருட்டும் பூச்சி தனக்கு மட்டும் வீடு கட்டுவதில்லை.

இனி இதைத் தின்பவை. ஒரு தாய்ப்பூச்சி நூறு முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தலைமுறையில் பூச்சியின் தொகை கூடாமல் குறையாமல் இருக்க வேண்டுமென்றால் அவற்றில் இரண்டு மட்டுமே பிழைத்து அந்தாக வேண்டும். மீதி 98 எங்கே போயின? மழை, நோய், பசி என்று கொஞ்சம் போகும். பெரும்பங்கு யாரோ ஒருவர் வயிற்றுக்குள் போகிறது. முட்டையிலேயே வேட்டை தொடங்குகிறது. மெட்டியோக்கி, அனாக்சிஃபா என்ற இரண்டு சிறு சிள்வண்டு இனங்கள் இலை இலையாக ஏறி முட்டைகளைத் தின்கின்றன. வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் டிரைக்கோகிரம்மா குளவி முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கிறது. சில நாளில் அந்த முட்டை கருத்துப்போகும், புழு வராமல் குளவி வரும். கோப்பிடோசோமாப்சிஸ் என்ற குளவி இன்னும் விசித்திரமானது. இலைச்சுருட்டின் முட்டைக்குள் அது வைக்கும் ஒற்றை முட்டை, பொரிந்து வளரும் புழுவின் உடலுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கும் மேற்பட்ட குளவிக் குஞ்சுகளாகிறது. கடைசியில் மிஞ்சுவது குளவிகள் புடைத்து நிற்கும் புழுத்தோல்.

மடிப்புக்குள் பாதுகாப்பாக இருக்கும் புழுவையும் விடுவதில்லை. ஒஃபியோனியா என்ற ஒல்லியான தரைவண்டு செம்பழுப்பும் கருநீலமும் கலந்த உடலோடு நெல்லில் ஏறி இறங்கி, சுருண்ட இலைக்குள் நேராக நுழைந்து புழுவைத் தின்கிறது. ஒரு வண்டு ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து புழுக்களைத் தின்னும் என்று சர்வதேச நெல் ஆய்வு நிறுவனம் 1987-இல் வெளியிட்ட நன்மை செய்யும் பூச்சிகளின் கையேடு குறிப்பிடுகிறது. கோனியோசஸ் குளவி மடிப்புக்குள் புகுந்து புழுவைக் கொட்டிச் செயலிழக்க வைத்து, அதன் மேலேயே முட்டையிடுகிறது. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு குளவியைத்தான் தென்னையின் கருந்தலைப்புழுவுக்கு எதிராகத் தமிழ்நாட்டு ஒட்டுண்ணி வளர்ப்பு மையங்கள் பெருக்கி விடுகின்றன. தென்னந்தோப்பில் காசு கொடுத்து வாங்கி விடும் காவலின் உறவு நெல் வயலில் தானாகவே வேலை செய்கிறது. கொட்டீசியா குளவிகள் புழுவுக்குள் வளர்ந்து வெளியே வந்து பட்டுக்கூடு கட்டும். சாந்தோபிம்ப்ளா கூட்டுப்புழுவைத் தாக்கும். ஈரமான பருவத்தில் பூஞ்சாணங்கள் புழுவைக் கொல்லும். அந்தாகிப் பறந்தால் சிலந்தி வலை, தட்டான், ஊசித்தட்டான், கரிச்சான் குருவி. இந்தப் புழு எந்தப் பருவத்திலும் தின்ன ஆளில்லாமல் இருப்பதில்லை.

இந்த நீண்ட பட்டியலில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கையைவிட உறவு. இவற்றில் பல இலைச்சுருட்டை மட்டும் நம்பி வாழ்பவை அல்ல. டிரைக்கோகிரம்மா ஜப்பானிக்கம் தண்டுத்துளைப்பானின் முட்டையையும் தாக்கும். மெட்டியோக்கி சிள்வண்டு தண்டுத்துளைப்பான், படைப்புழு முட்டைகளோடு தத்துப்பூச்சிக் குஞ்சுகளையும் தின்னும். ஒஃபியோனியா வண்டு புகையானையும் விடாது. ஓநாய் சிலந்தி அந்தைப் பிடிக்கும். தூரடிக்கு இறங்கினால் புகையானைப் பிடிக்கும். ஆக, நட்ட மூன்றாம் நான்காம் வாரத்தில் இலைச்சுருட்டைத் தின்று பெருகும் இந்தக் கூட்டம்தான், கதிர் வரும் காலத்தில் பெருகப்பார்க்கும் புகையானுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் எதிரே நிற்கப்போகிற கூட்டம். முன்னதை இல்லாமல் செய்துவிட்டுப் பின்னதை எதிர்பார்க்க முடியாது. பிலிப்பைன்ஸ் நெல் வயல்களின் உணவு வலையை ஜோயல் கோயன், கென்னத் ஷோன்லி, கே. எல். ஹியோங் முதலானோர் 1990-களில் வரைந்தபோது அதில் 600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இடம்பெற்றன. பூச்சிக்கொல்லி தெளித்த வயலையும் தெளிக்காத வயலையும் ஒப்பிட்டு 1994-இல் அவர்கள் எழுதிய கட்டுரை, தெளிப்பு இந்த வலையைக் குலைத்து, பயிரைத் தின்னும் பூச்சிகள் மீண்டும் பெருக இடம்கொடுப்பதைக் காட்டியது.

வலையின் அடித்தளம் இன்னும் கீழே இருக்கிறது. வில்லியம் செட்டில் குழுவினர் ஜாவாவின் நெல் வயல்களில் செய்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு, அங்கே 765 இனச் சிலந்திகளையும் பூச்சிகளையும் பதிவு செய்தது. தீமை செய்யும் பூச்சிகள் வருவதற்கு முன்பே இரைவிழுங்கிகள் வயலில் நிறைந்திருந்தன. அவை எதைத் தின்றன? அழுகும் வைக்கோலிலும் சாணத்திலும் பாசியிலும் வளரும் கொசு போன்ற சிறு ஈக்களையும் நீர்ப்பூச்சிகளையும். நெல்லுக்கு நன்மையோ தீமையோ செய்யாத இந்த அற்ப உயிர்கள் முதல் சில வாரங்கள் காவலைத் தாங்குகின்றன. அதன்பின் இலையில் வாழும் பூச்சிகள் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. தொழுவுரமிட்ட வயல்களில் இந்த ஆரம்பத் தீனி கூடுவதையும், அதையொட்டி இரைவிழுங்கிகள் கூடுவதையும் அதே ஆய்வு காட்டியது. இலைச்சுருட்டை இந்தத் தொடர்ச்சியின் நடுக்கண்ணியாகப் பார்த்தால்தான் அதன் இடம் விளங்கும். சேற்றுயிர்கள் குறையத் தொடங்கி, புகையான் இன்னும் பெருகாத இடைவெளியில் வயலில் கிடைக்கும் இரைகளுள் இது முக்கியமான ஒன்று.

காவலுக்கு இவ்வளவு இலையைக் கொடுப்பது பயிருக்குக் கட்டுப்படியாகுமா என்பது அடுத்த கேள்வி. நெற்பயிரின் உடற்கூறு இதற்கு விடை சொல்கிறது. தூர் கட்டும் பருவத்தில் நெல் தன் தேவைக்கு மேலாகவே இலை விடுகிறது. ஒன்றின் நிழலில் ஒன்று கிடக்கிறது. அடியிலைகள் எப்படியும் பழுத்து உதிரப்போகிறவை. மணி நிரம்பத் தேவையான மாவுச்சத்தின் பெரும்பகுதி மேலுள்ள மூன்று இலைகளிலிருந்து, அதிலும் குறிப்பாகக் கண்ணாடி இலையிலிருந்து வருகிறது. அந்த இலைகள், புழு முதலில் தாக்கும் காலத்தில் இன்னும் பிறக்கவேயில்லை. சேதமான இலைக்குப் பதிலாகப் புதிய இலையும் தூரும் விடும் வலிமை இளம்பயிருக்கு உண்டு. இந்த ஈடுகட்டும் திறனால்தான், வளர்ச்சிப் பருவத்தில் வரப்பிலிருந்து பார்க்கப் பயங்கரமாகத் தோன்றும் வயல் பல நேரம் அறுவடையில் பக்கத்து வயலுக்குச் சளைக்காமல் காண்கிறது.

அப்படியானால் இது ஏன் பெரும்பூச்சியானது? 1960-களுக்கு முன் ஆசிய நெல் வயல்களில் இலைச்சுருட்டு சில்லறைப் பூச்சிதான். 1966-இல் ஐஆர் 8 வெளியானதைத் தொடர்ந்து குட்டை ரகங்களும் யூரியாவும் பூச்சிக்கொல்லியும் ஒரே மூட்டையாக வந்தன. மூன்றும் சேர்ந்து செய்த வேலை இது. யோப் டி கிராக்கர் குழுவினர் பிலிப்பைன்ஸில் எக்டேருக்கு 0, 75, 150 கிலோ தழைச்சத்து இட்ட வயல்களை ஒப்பிட்டு 2000-இல் எழுதினார்கள். 150 கிலோ இட்ட வயலில் புழுக்களின் அடர்த்தி, உரமிடாத வயலைப்போல எட்டு மடங்கு இருந்தது. சேதமான இலைகளின் உச்ச அளவு 5 சதவீதத்திலிருந்து 35 சதவீதத்துக்கு ஏறியது. கரும்பச்சையாகத் தழைத்த பயிரில் தாய்ப்பூச்சிகள் அதிகம் முட்டையிட்டன. நடுப்பருவப் புழுக்கள் அதிகம் பிழைத்தன. யூரியாவை அள்ளிக் கொட்டிவிட்டு, அதனால் வந்த புழுவுக்கு மருந்து வாங்குவது ஒரே செலவை இரண்டு முறை செய்வது. இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரத்தைப் பிரித்து இடச் சொல்லும் பரிந்துரை உரச் சிக்கனத்துக்காகச் சொல்லப்படுகிறது; உண்மையில் அது இலைச்சுருட்டுக்கான முதல் மருந்து.

பூச்சிக்கொல்லியின் பங்கு இதைவிடக் கடுமையானது. இலைச்சுருட்டை நோக்கித் தெளித்த மருந்து இலைச்சுருட்டை மட்டும் கொல்லவில்லை. பைரித்ராய்டுகளும் பழைய ஆர்கனோபாஸ்பேட் மருந்துகளும் சிலந்தியையும் வண்டையும் குளவியையும் வாரிக்கொண்டு போயின. இலையுறைக்குள் இட்ட முட்டைகளின் பாதுகாப்பில் புகையான் மட்டும் தப்பி, எதிரி இல்லாத வயலில் பெருகியது. புகையானை வயலின் இயற்கை எதிரிகளே கட்டுப்படுத்துகின்றன என்பதைப் பிலிப்பைன்ஸில் பீட்டர் கென்மோர் குழுவினர் 1984-இல் நிறுவினார்கள். இரண்டே ஆண்டில் இந்தோனேசியா அந்தப் பாடத்தை அரசாணையாக்கியது. 1986-இல் அதிபர் சுகார்த்தோ 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் மருந்து மானியமும் எடுக்கப்பட்டது. இந்தக் கதையில் பேசப்படும் வில்லன் புகையான். ஆனால் அதற்குக் கதவு திறந்துவிட்ட முதல் தெளிப்பு, பெரும்பாலும் இலை தின்னும் புழுவைப் பார்த்துப் பயந்து அடித்த தெளிப்பு.

இந்தப் பயம் எவ்வளவு ஆழமானது என்பதைக் கே. எல். ஹியோங்கும் மோனினா எஸ்கலாடாவும் அளந்தார்கள். தென்கிழக்கு ஆசிய விவசாயிகளின் முதல் தெளிப்பு பெரும்பாலும் பயிரின் முதல் நாற்பது நாளுக்குள், அதுவும் இலை தின்னும் பூச்சிகளுக்காகவே நடக்கிறது என்று கண்டார்கள். பிலிப்பைன்ஸின் லெய்டே தீவில் விவசாயிகளிடம் அவர்கள் பிரசங்கம் செய்யவில்லை. நட்டு முப்பது நாள்வரை, நேரடி விதைப்பென்றால் நாற்பது நாள்வரை, இலைச்சுருட்டுக்கு மருந்து வேண்டாம் என்ற ஒற்றை விதியைக் கொடுத்து, சிறு துண்டு நிலத்தில் சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். அதே விதி 1994-இல் வியட்நாமின் மீகாங் கழிமுகத்திலுள்ள லாங் அன் மாகாணத்துக்குப் போனது. வானொலி நாடகங்கள், சுவரொட்டிகள், துண்டுப்பிரசுரங்கள் வழியே பரப்பப்பட்டது. ஒரு பட்டத்துக்கு மூன்று முறைக்கு மேல் தெளித்துவந்தவர்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தார்கள். விளைச்சல் சரியவில்லை.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். முதல் மறுப்பு எண்களிலிருந்து வருகிறது. இலைச்சுருட்டால் 30 முதல் 80 சதவீதம்வரை மகசூல் இழப்பு என்று நம் நாட்டு ஆய்வுக் கட்டுரைகளின் முகப்பில் அடிக்கடி காண்கிறோம். இந்த எண்களைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை. ஆனால் இவை மோசமாகத் தாக்கப்பட்ட வயலில் நேரக்கூடிய இழப்பைச் சொல்பவை. சாதாரண ஆண்டில் சாதாரண வயலின் சராசரியைச் சொல்பவை அல்ல. எளிதில் தாக்கப்படும் ரகம், மிகுந்த தழைச்சத்து, எதிரிகள் இல்லாத நிலை மூன்றும் கூடிய வயலின் எண்ணை எடுத்து ஒவ்வொரு வயலுக்கும் மருந்துச்சீட்டு எழுதுவது, ஊரில் ஒருவர் ஐசியுவில் கிடக்கிறார் என்று தெருவுக்கே ஊசி போடுகிற வேலை. ரகத்தின் பங்கும் இதில் சிறிதல்ல. நம் திரூர்குப்பத்து டி.கே.எம். 6 இலைச்சுருட்டைத் தாங்கும் ரகமாகப் பல சோதனைகளில் நின்றது. தண்டுத்துளைப்பானை எதிர்க்கும் குணத்துக்காக அதைச் சர்வதேச நெல் ஆய்வு நிறுவனம் ஐஆர் 20-க்குப் பெற்றோராக்கியது.

இரண்டாவது மறுப்பு வலுவானது: கண்ணாடி இலை தாக்கப்பட்டால் என்ன செய்வது? அங்கே இழப்பு உண்மைதான். பொதிப் பருவத்துக்குப் பிறகு புதிய இலை வரப்போவதில்லை. கண்ணாடி இலை வெளுத்தால் மணி வற்றும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச்சேதம், பூக்கும் பருவத்தில் 5 சதவீதக் கண்ணாடி இலைச்சேதம் என்று பொருளாதாரச் சேதநிலையைத் தனித்தனியே வகுத்திருப்பது இதனால்தான். பின்பருவத்துக்கான எச்சரிக்கையை அப்படியே ஏற்கலாம். முதல் பருவத்துக்கான அளவைக் கையாளும் முறையில்தான் குறை இருக்கிறது. வெள்ளைக்கோடு நேற்றைய கணக்கு. புழு போன பின்னும் இலையில் கோடு இருக்கும். இன்றைய நிலை தெரிய வேண்டுமென்றால் மடிப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிரித்த மடிப்பில் துள்ளும் பச்சைப் புழு இருக்கலாம். எச்சம் மட்டும் இருக்கலாம். புழுவின் பக்கத்தில் வெள்ளைப் பட்டுக்கூடுகள் இருக்கலாம். புடைத்துக் காய்ந்த புழுத்தோல் இருக்கலாம். புழு இருந்த இடத்தில் தரைவண்டோ சிலந்தியோ உட்கார்ந்திருக்கலாம். முதல் வகை ஒன்றுதான் மருந்துக்கு இலக்கு. மற்ற நான்கிலும் வேலை முடிந்துவிட்டது. தெளித்தால் சாவது காவல்தான். சேதநிலையைக் கணக்கிடும்போது உயிருள்ள, ஒட்டுண்ணி தாக்காத புழுவை மட்டும் எண்ணச் சொல்வது பெரிய விஞ்ஞானமல்ல. பரிந்துரைத் தாளில் ஒரு வரி போதும்.

மூன்றாவது மறுப்பு மருந்துக் கடையிலிருந்து வருகிறது. பழைய மருந்துகளின் குற்றத்தைப் புதியவற்றின் மேல் சுமத்தலாமா, குளோரான்ட்ரானிலிப்ரோல் போன்றவை புழுவை மட்டும் தாக்கி, சிலந்திக்கும் வண்டுக்கும் அதிகம் தீங்கு செய்வதில்லையே என்கிறார்கள். ஒப்பிட்டால் அவை மேலானவை என்பதில் ஐயமில்லை. பின்பருவத்தில் தவிர்க்க முடியாதபோது அவற்றைத் தேர்ந்தெடுப்பதே சரி. ஆனால் இங்கே கேள்வி நச்சைப் பற்றியது மட்டுமல்ல. புழு முழுவதையும் துடைத்துவிட்டால் அதை நம்பிய ஒட்டுண்ணிக் குளவிகள் மருந்து படாமலேயே பட்டினியில் போகும். அடுத்த தலைமுறை அந்து பறந்துவரும்போது எதிர்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள். எதிர்ப்புத்திறனும் வளர்கிறது, சீனாவில் தண்டுத்துளைப்பான் இந்த மருந்தைத் தாங்கும் அளவுக்கு மாறிவிட்டது நன்கு பதிவான செய்தி. தேவையில்லாத முதல் நாற்பது நாளில் நல்ல மருந்தைச் செலவழித்துவிட்டால், தேவைப்படும் கண்ணாடி இலைப் பருவத்தில் அது கேட்காது.

நான்காவது மறுப்பு கிழக்கு ஆசியாவைச் சுட்டுகிறது. அங்கே இந்த அந்து பருவக்காற்றோடு தெற்கிலிருந்து வடக்கே வலசை போகிறது. ஜப்பானின் பெரும்பகுதியில் குளிர்காலத்தைத் தாண்டி அது உயிரோடிருப்பதில்லை, ஆண்டுதோறும் கடல் தாண்டி வருகிறது. 2003 முதல் சீனாவில் பெருந்தாக்குதல்கள் பல நடந்தன. மேகம்போல் வந்திறங்கும் கூட்டத்தைச் சிலந்தியும் குளவியும் என்ன செய்யும்? வந்திறங்கும் அந்துகளின் தொகையை உள்ளூர் எதிரிகள் தீர்மானிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் வந்தவை இடும் முட்டைகளில் எத்தனை பிழைக்கும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன. எதிரிகள் முன்கூட்டியே வயலில் இருந்தாக வேண்டும் என்ற ஜாவா ஆய்வின் பாடம் வலசை வரும் நாடுகளுக்கு இன்னும் அதிகம் பொருந்துகிறது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் மூன்று நாடுகளிலும் நான்கு ஆண்டுகள் நடந்து 2016-இல் ஜெஃப் கர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. எள் போன்ற, தேன் தரும் பூச்செடிகளை வரப்பில் வளர்த்தபோது தீமை செய்யும் பூச்சிகள் குறைந்தன. பூச்சிக்கொல்லித் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது. நமக்கு இது அந்நியமான யோசனை அல்ல. வரப்பில் உளுந்து போடுவது காவிரி டெல்டாவின் பழைய வழக்கம். வரப்புப் புல்லில் இலைச்சுருட்டு தங்கும், சுத்தமாகச் செதுக்கிவிடுங்கள் என்ற அறிவுரையை மட்டும் இங்கே மறுபடி எடைபோட வேண்டும். புல்லில் புழு தங்குவது உண்மை. அதன் முட்டையைத் தின்னும் சிள்வண்டும் அங்கேதான் தங்குகிறது. மொட்டை வரப்பைவிடப் பூக்கும் வரப்பே மேல் என்று சான்றுகள் சொல்கின்றன.

கடைசி மறுப்பு அறிவியலைத் தாண்டியது, அதனாலேயே கடினமானது. பொறுத்திரு என்று ஆய்வாளர் சொல்லிவிடலாம். நட்டம் வந்தால் குத்தகையும் கடனும் விவசாயி தலையில் அல்லவா விழும்? ஏக்கருக்கு ஒரு தெளிப்பின் செலவு, அவர் பயப்படும் இழப்புக்கு முன்னால் சிறிதாகத்தான் தெரியும். இந்த நியாயத்தை ஒதுக்கிவிட முடியாது. வியட்நாமின் பின்கதையும் இதையே சொல்கிறது. 2006-ஐ ஒட்டி மீகாங் கழிமுகத்தில் புகையானும் அது பரப்பும் வைரஸ் நோய்களும் வெடித்தன. குறைந்திருந்த தெளிப்பு மறுபடி ஏறியது. சோப்பு விற்பதுபோல மருந்து விற்கப்படும் சந்தையில், ஒருமுறை நடத்திய பிரசாரம் நெடுநாள் நிற்காது. ஆனால் இதிலிருந்து விதி தவறு என்ற முடிவு வராது. அச்சம் திரும்பியபோது விதி கைவிடப்பட்டது என்பதே வரும். விவசாயியின் அச்சத்துக்கு மாற்று அறிவுரை அல்ல; அவர் தன் வயலிலேயே பார்க்கும் ஆதாரம்.

ஆகவே தீர்ப்பு இது. முதல் நாற்பது நாளில் (நட்ட பயிரென்றால் நட்டபின் முப்பது நாளில்) இலைச்சுருட்டுப்புழு நெற்பயிரின் எதிரிகள் வரிசையில் வைக்கத் தகுந்ததல்ல. வயலின் காவலைத் தாங்கும் இரை. கண்ணாடி இலைப் பருவத்தில் அது எதிரியாக முடியும். அப்போதும் மடிப்பைப் பிரித்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். வேளாண்மைத் துறையின் பட்டத்து அறிவிப்புகளில் மருந்துப் பெயர்களுக்கு மேலே இந்த நாற்பது நாள் விதி அச்சாக வேண்டும். யூரியா அளவும் பூச்சி மேலாண்மையின் தலைப்பிலேயே வர வேண்டும். விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள்: நம்பச் சொல்லவில்லை, வருகிற பட்டத்தில் உங்கள் வயலில் ஒரு கால் ஏக்கரை மட்டும் முதல் நாற்பது நாள் மருந்தில்லாமல் விட்டுப் பாருங்கள். அறுத்தபின் இரண்டு பக்கத்து நெல்லையும் தனித்தனியே தூற்றி, தனித்தனியே எடை போடுங்கள்.